அறுபது அழுக்குச் சட்டைகள்

ஜெயமாலாவின் வேலை நல்ல துணியைக் கெடுப்பது. அதற்கு மாதச் சம்பளம், இபிஎஃப், சொக்சோ காப்புறுதி, வருடத்துக்குப் பதினாலு நாள் விடுப்பு எல்லாம் உண்டு. புத்தம்புதுச் சட்டை ஒன்றைக் கையில் கொடுங்கள். அரை மணி நேரத்தில் பத்து வருஷம் சாக்கடையில் கிடந்த சட்டையாக்கித் தருவாள். தேங்காய் துருவியால் முழங்கையைத் தேய்ப்பாள். கம்பி பிரஷ்ஷால் காலரைப் பிராண்டுவாள். கொதிக்கிற தேயிலைத் தண்ணீரில் முக்கி, மெழுகு தடவி, அதன்மேல் செம்மண் பூசுவாள். ஸ்டூடியோவில் இதற்கு 'ஏஜிங் டிபார்ட்மென்ட்' என்று மரியாதையான பெயர் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லும்போது எல்லாரும் சொல்வது அழுக்கு டிபார்ட்மென்ட்.

அவள் பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் சிரிப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா சிவசம்பு ரயில்வே ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்கு. எண்பத்தொரு வயதிலும் காலையில் எழுந்து தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுகிற மனிதர். கை மடிப்பில் தக்காளி நறுக்கலாம். அழுக்குச் சட்டைக்காரனை அவர் வீட்டு ஹாலில் உட்காரச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

இந்த வீட்டுப் பெண் அந்த வேலைக்கு எப்படிப் போனாள்? பதினேழு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஃபைல் தள்ளினாள். கோவிட் வந்தது, கம்பெனி ஆளைக் குறைத்தது, ஜெயமாலா ஒரு அட்டைப் பெட்டியும் வாடிப்போன மணிபிளான்டுமாக வீடு வந்து சேர்ந்தாள். சும்மா இருக்க முடியாமல், தெரிந்தவர் எடுத்த டிவி நாடகத்துக்குத் துணி தைக்கப் போனாள். அங்கே ஒரு பிச்சைக்காரி வேஷம். புதுச் சேலையைக் கொஞ்சம் அழுக்காக்கித் தரச் சொன்னார்கள். உள்ளே கிடந்த பதினேழு வருஷக் கோபமும் அந்தச் சேலைமேல் இறங்கிவிட்டது. மத்தியானம் அந்த நடிகை சாப்பிடப் போனபோது கேன்டீன் வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா அவளை உள்ளே விடவில்லை. பரிதாபப்பட்டு இரண்டு வெள்ளி கொடுத்து அனுப்பிவைத்தான். அன்றைக்கே ஜெயமாலாவின் பெயர் கோலாலம்பூர் முழுக்கப் பரவிவிட்டது.

பெரிங்கின் ஸ்டூடியோ கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். சுங்கை வே தாண்டி, ஒருகாலத்தில் ரேடியோ செய்துகொண்டிருந்த தொழிற்சாலை. இப்போது வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து இறங்கிப் படமெடுக்கிற பெரிய இடம். பெரிய ஸ்டூடியோ என்றதும் ஊரில் என்னென்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். கழுத்தில் பாஸ் இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போக முடியாது. ஏர்கோன் குளிரில் பல் கிட்டிக்கும். ஆறு மணி நேரம் காத்திருந்து ஆறு நிமிஷம் ஓடுகிற பிழைப்பு. நடிகர்களின் முகத்தை ஜெயமாலா நேரில் பார்த்ததே இல்லை. அவர்களுடைய அக்குளைப் பற்றி மட்டும் அவளுக்கு எல்லாம் தெரியும். யாருக்கு எவ்வளவு வேர்க்கும் என்று கேட்டால் இன்ச் கணக்கில் சொல்வாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பத்துப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே நடப்பதை வெளியே சொன்னால் கோர்ட். ஜெயமாலாவுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. அப்பா கேட்டால், "சொல்லக்கூடாதுப்பா, அக்ரிமென்ட்" என்பாள். அக்ரிமென்ட் என்ற சொல்லுக்குச் சிவசம்பு காட்டுகிற மரியாதையைச் சாமிக்குக்கூடக் காட்டமாட்டார். கந்தசாமி கோயிலில் மட்டும், "என்ர மகள் ஸ்டூடியோவில உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கு அவர் சிறு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம்: உடுப்பு வெள்ளையாக இருக்கவேண்டும், படிவத்தில் பொய் எழுதக்கூடாது. முதலாவதை அவள் தினமும் காலை ஒன்பது மணிக்கே காற்றில் பறக்கவிட்டாள். இரண்டாவதை நாற்பத்தேழு வயதுவரை காப்பாற்றி வந்தாள்.

இந்தத் தடவை வந்திருந்தது ஒரு யுத்த காலத்துத் தொடர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட்ட கதை. பாதையைப் போடுவது நம் எஸ்டேட்டுத் தொழிலாளிகள், கஷ்டப்படுவது மட்டும் வெள்ளைக்காரன். அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். கதாநாயகனான வெள்ளைக்கார அதிகாரிக்குப் பன்னிரண்டு சட்டை. ஒவ்வொன்றிலும் பெயரும் பதவியும் எழுதிய சீட்டு. நம் ஆட்களுக்கு அறுபது சட்டை. அவற்றின் சீட்டில் 'கூலி 1' முதல் 'கூலி 60' வரை. சயாமில் காடும் ஆறும் மட்டும் எடுக்க செகண்ட் யூனிட் என்று தனியாக ஒரு கூட்டம் தாய்லாந்துக்குப் போயிருந்தது. ஆட்கள் வருகிற காட்சியெல்லாம் ரவாங் பக்கம் செட் போட்டிருந்த காட்டில், செவ்வாய்க்கிழமை காலை.

மூன்று வாரம் ஜெயமாலா அந்த அறுபது சட்டையோடு மல்லுக்கட்டினாள். வெள்ளிக்கிழமை உடைப் பிரிவுத் தலைவி ஃபியோனா வந்து பார்த்து, மார்பில் கை வைத்துக்கொண்டு, "ஓ, எவ்வளவு துயரம்!" என்றாள். போட்டோ பிடித்துக்கொண்டு போனாள். ஜெயமாலா கதவில் 'துவைக்காதீர்' என்று ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றிலும் எழுதிய அட்டையை மாட்டிவிட்டு, இரண்டு நாள் விடுப்பில் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால், ரோஜாப்பூ வாசம்.

அறுபது சட்டையும் வெள்ளை வெளேரென்று ஹாங்கரில் தொங்கின. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, ஒரே வரிசையாக. கிழித்துவிட்ட கிழிசலெல்லாம் பொடித் தையலில் மூடியிருந்தது. பிய்த்துப் போட்ட பொத்தான்கள் இருந்த இடத்தில் புதுப் பொத்தான்கள். சிவசம்பு பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். ஜெயமாலாவின் மூன்று வார உழைப்பு! கீழே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

யார் வேலை என்று விசாரிக்கத் தேவையே இல்லை. ஸ்டூடியோவில் சலவை அறை ஒன்று. அதில் சனி ஞாயிறு ஓவர்டைம் பார்க்கிற ஆளும் ஒன்று. கிள்ளானிலிருந்து வருகிற நல்லம்மாள். ஐம்பத்தெட்டு வயது. இன்னும் இரண்டு வருஷம் தள்ளினால் ஓய்வு. வீட்டில் எண்பத்தைந்து வயது அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவள்.

ஜெயமாலா எழுந்து போவதற்குள் ஷான் வந்துவிட்டான். புரொடக்‌ஷன் மேனேஜர். முப்பத்திரண்டு வயது, காதில் ஒயர், கையில் வாக்கிடாக்கி, இரண்டிலும் ஒரே சமயத்தில் பேசுகிறவன். சட்டைகளைப் பார்த்ததும் இரண்டிலும் பேச்சு நின்றது.

"ஜெயா ஆன்டி, இது என்ன, பள்ளிக்கூட யூனிஃபார்மா?"

ஆன்டி என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

"துவைச்சிட்டாங்க ஷான்."

"அஞ்சு மணிக்கு லோரி ரவாங் போகணும் ஆன்டி! சட்டை வேணும். அப்புறம் இன்சூரன்ஸ்காரனுக்கு இன்சிடென்ட் ஃபாரம் வேணும்." ஒரு தாளை அவள் கையில் திணித்தான். "அதுல ஒரு பேரு வேணும். யாரு பேரு இருக்கோ அவங்க இன்னிக்கே அவுட். பிளாக்லிஸ்ட். நான் ஒண்ணும் செய்ய முடியாது லா, மேல உள்ள ரூல்."

"பேரு போடலன்னா?"

"டிபார்ட்மென்ட் உங்களுது. உங்க பேருதான் போகும்."

சொல்லிவிட்டு ஒயரில் பேசியபடி போய்விட்டான். ஜெயமாலா தாளைப் பார்த்தாள். 'சம்பவத்துக்குப் பொறுப்பானவர் பெயர்.' அதற்கு எதிரே ஒரு கோடு. அந்தக் கோட்டில் அவள், இல்லாவிட்டால் நல்லம்மாள். இன்னொரு தடவை அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதா? சத்தியமாக முடியாது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சலவை அறைக்குப் போனாள்.

நல்லம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வா ஜெயா, சாப்பிடுறியா?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"அக்கா, என் குடியைக் கெடுத்துட்டு நாசி லெமாக் வேறயா? அந்தச் சட்டைய யாரு துவைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

ஜெயமாலாவுக்குக் கோபம் ஒருபக்கம், இந்த மனுஷியை எப்படியாவது இழுத்துக் கரைசேர்த்துவிடலாமே என்ற எண்ணம் ஒருபக்கம். வரும் வழியிலேயே ஒரு சாக்கு யோசித்து வைத்திருந்தாள். "சரி. கதவுல இருந்த அட்டை மூணு மொழியில இருந்துச்சு, தமிழ்ல இல்ல. உங்களுக்குப் படிக்கத் தெரியல. அப்படித்தானே? அப்படியே சொல்லுங்க. அட்டை எழுதினவங்க தப்புன்னு ஆயிடும்."

நல்லம்மாள் கையில் இருந்த உருண்டையைப் பொட்டலத்திலேயே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "ஏன், என்னைப் பாத்தா படிக்காதவ மாதிரி தெரியுதா? டூ நாட் வாஷ். துவைக்காதேன்னு அர்த்தம். மலாய்ல ஜாங்ஙான் பாசோ. அதும் துவைக்காதேதான். சீனம்தான் தெரியாது, அதும் அதையேதான் சொல்லும்."

"அப்ப தெரிஞ்சேதான் துவைச்சீங்களா!"

"தெரிஞ்சுதான்."

கடவுளே, என்று ஜெயமாலா துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். சாக்கும் போயிற்று.

"சனிக்கிழமை துண்டு தேடி உன் ரூமுக்குப் போனேன்," என்றாள் நல்லம்மாள். "பாத்தா வரிசையா தொங்குது. சீட்டைப் படிச்சேன். கூலி ஒண்ணு, கூலி ரெண்டு, கூலி மூணு. அறுபது வரைக்கும் படிச்சேன் ஜெயா, ஒண்ணு விடாம. ஒருத்தருக்காவது பேரு இருக்குமான்னு. அந்த வெள்ளைக்காரன் சட்டையில பேரு, அவன் வேலை, எல்லாம் இருக்கு. அவன் குதிரைக்குக்கூடப் பேரு வச்சிருக்கீங்க, அந்தச் சேணத்துல தொங்குது."

"அது கதையில அப்படி எழுதியிருக்காங்க அக்கா, நான் என்ன செய்வேன்..."

"எங்கம்மாவோட அப்பா சயாமுக்குப் போனவரு. காப்பாரு பக்கம் எஸ்டேட்டுல இருந்து புடிச்சிட்டுப் போனாங்க. அப்ப எங்கம்மாவுக்கு மூணு வயசு. ஒரு மாசத்து வேலை, வந்துடலாம்னு சொன்னாங்களாம். போட்டோ கிடையாது. எங்க செத்தாரு, எப்படிச் செத்தாரு, தெரியாது. எங்க குடும்பத்துக்கு அவரைப் பத்தித் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. பேரு கன்னையா. போன அன்னிக்குத் துவைச்ச சட்டை போட்டிருந்தாரு. வெளியூரு வேலைக்குப் போறாரேன்னு. அதைத்தான் எங்கம்மா இன்னிக்கும் சொல்லும். 'எங்கப்பா வெள்ளைச் சட்டையில போனாரு'ன்னு. முகம் ஞாபகமில்ல, சட்டை ஞாபகமிருக்கு."

மூக்கைச் சிந்திக்கொண்டாள். "உலகம் பூரா பாக்குற படத்துல அவரை இந்தக் கோலத்துல நிறுத்த எனக்கு மனசு வரல. துவைச்சிட்டேன். என் பேரைப் போட்டுக்க. போ."

ஜெயமாலாவுக்குத் தன் அப்பாவின் இஸ்திரிச் சட்டை ஏனோ கண்முன் வந்தது. அது அவருக்கு நித்தியப்படி வழக்கம். இந்த மனுஷிக்கு ஒரு தாத்தாவே அவ்வளவுதான் மிச்சம். இத்தனை நாள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, மூன்று வாரமாகச் செம்மண் பூசினோமே, யாருக்குப் பூசுகிறோம் என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தோமா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் மணி பத்தரை. லோரிக்கு வெட்கம் தெரியாது.

"அக்கா," என்றாள் கடைசியில், "அவங்க வெள்ளையா போயிருக்கலாம். அங்க போய் வெள்ளையாவா இருந்தாங்க? நாம வெள்ளையா காட்டினா, அங்க ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடாதா? ஜப்பான்காரன் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டா வச்சிருந்தான்?"

நல்லம்மாள் பொட்டலத்தை மடித்தாள், கையைக் கழுவினாள், சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"சரி. அழுக்காக்கணும்னா ஒழுங்கா அழுக்காக்கு," என்றாள். "நீ ஆக்கின அழுக்கைப் பாத்தாலே எனக்குச் சிரிப்பு. காலரு அழுக்கு, கை நுனி அழுக்கு, பாக்கெட்டுல கறை. அது மேசையில உக்காந்து எழுதுறவன் அழுக்கு. உங்கப்பா அழுக்கு! தண்டவாளக் கட்டை தூக்குறவனுக்குத் தோள்லதான் முதல்ல கிழியும். பாக்கெட்டுல என்னத்தப் போடப்போறான், பேனாவா?"

மூன்று தலைமுறை கிளார்க்கு ரத்தம் ஜெயமாலாவின் முகத்தில் ஏறியது. அழுக்கில் அவளைக் குறை சொன்னவர்கள் இதுவரை யாருமில்லை. ஆனால் நல்லம்மாள் ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு பலகையைத் தோளில் வைத்து அறைக்குள் நடந்து காட்டியபோது, தேங்காய் துருவியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அந்தப் பகலை ஸ்டூடியோ லேசில் மறக்காது. இரண்டு பெண்பிள்ளைகள் கார் பார்க் ஓரத்தில் செம்மண்ணைக் குழைத்து, அறுபது சட்டையையும் போட்டு மிதித்தார்கள். பலகையால் தோளைத் தேய்த்தார்கள். முதுகுக்கு உப்புத் தண்ணீர். அது காய்ந்து வெள்ளைக் கோடு விழுந்தால்தான் வேர்வை என்று நல்லம்மாள் அடித்துச் சொன்னாள். அவள் போட்ட அழகான தையலை அவளே பிளேடால் பிரித்தாள். பிரிக்கும்போது ஜப்பான்காரனையும், எஸ்டேட் துரையையும், படக் கம்பெனியையும் ஒவ்வொரு சட்டைக்கும் ஒவ்வொருவராக முறை வைத்துத் திட்டினாள். நடுவில் ஜெயமாலாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது; இரண்டையும் மண் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

நாலே முக்காலுக்கு ஃபியோனா வந்தாள். பழைய போட்டோவையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தத் தடவை 'எவ்வளவு துயரம்' என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சட்டையின் தோளைத் தொட்டுவிட்டு, லோரியில் ஏற்றும்படி கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

சட்டை தப்பித்தது. ஆள் தப்பவேண்டுமே. ஷான் ஓடிவந்தான்.

"ஆன்டி, சூப்பர் லா, முன்னவிட நல்லா இருக்கு! ஃபாரம்?"

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே ஷான், ஃபாரம் எதுக்கு?"

"சிஸ்டத்துல ஏத்திட்டேன். பேரு இல்லாம மூடாது. ப்ளீஸ், ரெண்டு நிமிஷம்."

நல்லம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். "எழுது ஜெயா. நல்லம்மாள், சலவை."

ஜெயமாலா பையிலிருந்து தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். நாற்பத்தேழு வருஷத்தில் படிவத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. எழுத ஆரம்பித்தபின் நிறுத்தவே இல்லை. பிறகு ஒரு தடவை படித்துப் பார்த்தாள். சிவசம்புவே வந்து கண்ணாடி போட்டுப் படித்தாலும் அதில் ஒரு பொய்யைக் காட்ட முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஷான் வாய்விட்டுப் படித்தான். "பெயர், கன்னையா. பதவி, தினக்கூலி. தற்போது இருக்குமிடம், சயாம். சயாம்னா? தாய்லாந்தா?"

"ஆமா. ரயில் பாதை வேலைக்குப் போனவரு."

"ஓ, செகண்ட் யூனிட் ஆளா! அதான் என் லிஸ்ட்ல இல்ல. ஃபோன் நம்பர்?"

"கிடையாது. போனதுல இருந்து ஒரு தகவலும் இல்ல."

"செகண்ட் யூனிட்னாலே இப்படித்தான் ஆன்டி, ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டான்." தாளைப் போட்டோ பிடித்துக்கொண்டான். "ஓகே, பிளாக்லிஸ்ட் பண்ணிடுறேன். இனிமே இந்த கேட்டுக்குள்ள வரமுடியாது."

நல்லம்மாளின் மண் கை ஜெயமாலாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. ஷான் இரண்டடி போயிருப்பான்.

"தம்பி," என்று கூப்பிட்டாள்.

"என்னக்கா?"

"ஒருவேளை வந்தாருன்னா, திருப்பி அனுப்பிடாதீங்க. உக்கார வச்சிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. கிள்ளான்ல ஒருத்தங்க அவரைப் பாக்கணும்னு எண்பத்திரண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்காங்க."

ஷான் காதில் இருந்த ஒயரைத் தட்டி, "ஓகே, கேட்டுச்சு," என்றான். அது ஒயரில் இருந்தவனுக்கா நல்லம்மாளுக்கா என்று தெரியவில்லை. லோரி கிளம்பிவிட்டது. இருவரும் வாளிகளை எடுத்துக்கொண்டு கைகழுவப் போனார்கள்.